மசோதா இப்போது எங்கே நிற்கிறது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில் "சட்டமன்றத்தில் மசோதா வந்தால் கொஞ்சம் கவனியுங்கள்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவைத்தேன். "எங்கே போய்க் கவனிப்பது, எப்படிக் கவனிப்பது, உங்களுக்கென்ன, எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்" என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. நியாயம்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே. சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

"12 மணி நேர வேலை மசோதா 2023-இலேயே நிறைவேறிவிட்டதாம். எங்கள் சூப்பர்வைசர் அந்த நாள் செய்தியை போனில் காட்டி, 'சட்டமே வந்தாச்சு, பேசாம வேலையைப் பாரு' என்கிறார். உண்மையா சார்?"
– பனியன் கம்பெனித் தொழிலாளி, திருப்பூர்

அவர் காட்டிய செய்தி உண்மையாகத்தான் இருக்கும். அதற்கடுத்த பத்து நாள் பேப்பரை அவர் படிக்கவில்லை, அவ்வளவுதான். தொழிற்சாலைகள் சட்டத்தில் திருத்தம் செய்யும் அந்த மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று, கூட்டத்தொடரின் கடைசி நாளில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. காங்கிரஸ், இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள், விசிக என்று ஆளுங்கட்சியின் சொந்தக் கூட்டாளிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்ததும், 24-ஆம் தேதி முதலமைச்சர் ஸ்டாலின் மேல்நடவடிக்கையை நிறுத்திவைப்பதாகச் சொன்னார். மே 1 அன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் மசோதாவைத் திரும்பப் பெற்றுவிட்டதாகவே அறிவித்தார். ஆகவே அது சட்டம் ஆகவில்லை. பேரவையில் 'நிறைவேறியது', ஆனால் 'வரவில்லை'. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இந்த இதழின் மொத்தக் கதையும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைப் '12 மணி நேர மசோதா' என்றே பேசினோம், நானும்தான். மசோதா செய்தது வேறு வேலை. 65ஏ என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்து, வாராந்திர வேலை நேரம், வார விடுமுறை, தினசரி நேரம், இடைவேளை, ஓவர்டைம் கூலி பற்றிய 51, 52, 54, 55, 56, 59 ஆகிய பிரிவுகளிலிருந்து தொழிற்சாலைகளுக்கு விலக்கு தரும் அதிகாரத்தை அரசுக்குக் கொடுத்தது. எனக்கு 12 என்ற எண்ணைவிட இந்த 'விலக்கு' என்ற சொல்தான் பயமாக இருந்தது, ஏனென்றால் எண் என்றால் அந்த எண்ணோடு மல்லுக்கட்டலாம், விலக்கு என்றால் யாருக்கு, எவ்வளவு நாளைக்கு, எந்த நிபந்தனையில் என்பதெல்லாம் பின்னால் ஓர் அரசாணையில் சத்தமில்லாமல் வரும்.

சூப்பர்வைசரிடம் இதையும் சொல்லுங்கள்: 2025 நவம்பர் 21 முதல் ஒன்றிய அரசின் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அமலுக்கு வந்து, 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்தில் இப்போது அவைதான் இருக்கின்றன. அங்கேயும் ஒரு நாள் வேலை எட்டு மணி நேரம்தான். அதற்கு மேல் வேலை வாங்க உங்கள் சம்மதம் வேண்டும், கூலியும் இரட்டிப்பு.

"மசோதா, சட்டமுன்வடிவு, அவசரச் சட்டம்... தலை சுற்றுகிறது."
– கூட்டுறவுச் சங்க ஊழியர், மன்னார்குடி

முதல் இரண்டும் ஒன்றுதான். மசோதா நம் வாயில் இருக்கும் சொல், சட்டமுன்வடிவு கோட்டையின் சொல். பேரவையின் இணையதளத்திலும் அரசிதழிலும் தேடும்போது இரண்டாவதைத் தட்டினால்தான் கிடைக்கும், அதனால் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

அவசரச் சட்டம் வேறு ஜாதி. பேரவை கூடாத நேரத்தில் அரசு கேட்டு ஆளுநர் பிறப்பிப்பது. பேரவை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் அதற்கு ஆயுள், அதற்குள் மசோதாவாகக் கொண்டுவந்து சட்டமாக்கிவிட வேண்டும். ஆக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை ஆன்லைன் ரம்மி விஷயத்தில் பார்த்தோம். 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது, 19-ஆம் தேதி மசோதா நிறைவேறியது, மசோதா ஒப்புதல் கிடைக்காமல் ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்துகொண்டது, நவம்பர் 27 அன்று அவசரச் சட்டம் காலாவதி. மறு மார்ச்சில் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்ப, மார்ச் 23 அன்று பேரவை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரல் 10 அன்றுதான் ஒப்புதல் கிடைத்த செய்தி வந்தது. நடுவில் நாலரை மாதம் தடை இருப்பதாகவே பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்; இல்லை.

"சட்டக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு மசோதாவை அறிமுகமான நாளிலிருந்து கடைசி வரை வீட்டிலிருந்தே பின்தொடர முடியுமா? செய்தித்தாளில் பாதிக் கதைதான் வருகிறது."
– மாணவி, திண்டுக்கல்

முடியும் அம்மா, ஆனால் ஒரே இடத்தில் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்துவிடாதே. பார்சல் அனுப்பினால் எந்த ஊர் தாண்டியிருக்கிறது என்று போனில் காட்டுகிற காலத்தில், ஏழரைக் கோடிப் பேரைக் கட்டுப்படுத்தப்போகும் ஒரு மசோதாவுக்கு அந்த வசதி இல்லை. நாமே கோர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் எண்ணைப் பிடி. ஒவ்வொரு மசோதாவுக்கும் அந்த ஆண்டின் வரிசையில் ஒரு சட்டமன்றப் பேரவைச் சட்டமுன்வடிவு எண் உண்டு. நீட் விலக்கு மசோதா 2021-இன் 43-ஆம் எண். பெயரை நம்பாதே. உள்ளாட்சி, பல்கலைக்கழகம் பற்றிய திருத்த மசோதாக்கள் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று வரும், பெயர்களில் 'இரண்டாம் திருத்தம்' 'மூன்றாம் திருத்தம்' என்பதைத் தவிர வித்தியாசம் இருக்காது, செய்தியாளர்களே குழம்பியிருக்கிறோம்.

மசோதாவின் அச்சுப் பிரதி பேரவை இணையதளத்தில் கிடைக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும். அரசிதழின் நான்காம் பகுதியையும் பார்க்கலாம்: அதன் முதல் பிரிவில் மசோதாக்கள், இரண்டாம் பிரிவில் சட்டங்களும் அவசரச் சட்டங்களும். எழுதுபொருள் அச்சுத் துறையின் தளத்தில் இவை கிடைக்கின்றன. கையில் எடுத்தால் பயப்பட ஒன்றுமில்லை, பெரும்பாலானவை நாலைந்து பக்கம்தான். நான் எப்போதும் கடைசியிலிருந்து படிப்பேன். கடைசிப் பக்கங்களில் 'நோக்க காரண விளக்கவுரை' என்று ஒன்று, அமைச்சர் பெயரோடு இருக்கும். எதற்காக இந்த மசோதா என்று அரசு தன் வாயால் சொல்லும் ஒரே இடம் அது. அதைப் படித்துவிட்டு முன்னால் போய் ஒவ்வொரு கூறாக (மசோதாவில் கூறு, சட்டமானால் அதுவே பிரிவு) பார்த்தால், சொன்ன நோக்கத்துக்கும் எழுதிய கூறுக்கும் பொருந்துகிறதா என்பது தானாகத் தெரியும். கூடவே 'அரசு விதிகள் வகுக்கலாம்', 'அரசு அறிவிக்கையின் மூலம் விலக்களிக்கலாம்' என்ற வரிகளைப் பென்சிலால் கோடிட்டுக்கொள். திருப்பூர்க்காரருக்குச் சொன்னதேதான், சமாச்சாரம் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் ஒரு நோட்டு. சிரிக்காதே, நான் இன்றும் நோட்டில்தான் எழுதுகிறேன். ஆறு கட்டம்: மசோதா எண், அறிமுகமான நாள், நிறைவேறிய நாள், ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவர் ஒப்புதல், சட்ட எண், அமலுக்கு வந்த நாள். கடைசி இரண்டு கட்டங்களைப் பெரும்பாலோர் போடுவதில்லை. நானும் போடாமல் ஒருமுறை மானம் போயிற்று. ஒப்புதல் கிடைத்த கையோடு 'சட்டம் அமலுக்கு வந்தது' என்று எழுதிவிட்டேன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் தபால் அட்டையில், "முதல் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைத் தாங்கள் வாசித்தீர்களா?" என்று ஒரே வரி கேட்டிருந்தார். வாசித்திருந்தால், 'அரசு அறிவிக்கையின் மூலம் குறித்துரைக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்' என்று அங்கே இருப்பது கண்ணில் பட்டிருக்கும். அந்த அறிவிக்கை அப்போது வந்திருக்கவில்லை.

எண் விஷயத்தில் இன்னொரு பொறியும் உண்டு. மசோதா எண் வேறு, சட்ட எண் வேறு. மேலே சொன்ன ரம்மி தடைச் சட்டத்தின் பெயரில் 2022 என்று இருக்கும், ஆனால் அது 2023-இன் 9-ஆம் சட்டம், ஒப்புதல் அந்த ஆண்டில் கிடைத்ததால். 2022 சட்டங்களின் பட்டியலில் தேடினால் நாள் முழுக்கத் தேடலாம்.

பேரவை நடவடிக்கையைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறாய். 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையில் வருகிறது. மசோதா விவாதத்துக்கு அச்சிட்ட நடவடிக்கைக் குறிப்பைத்தான் நம்ப வேண்டும். எதுவுமே கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது: ஒரு தாள், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். பேரவைச் செயலகத்துக்கும் சட்டத் துறைக்கும் தனித்தனியாகப் போடு. 'மசோதா என்ன ஆயிற்று' என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகவே பதில் வரும். 'இந்த எண்ணுள்ள சட்டமுன்வடிவு ஆளுநருக்கு அனுப்பப்பட்ட நாள் என்ன' என்று கேள்.

"நிலம் ஒருங்கிணைப்புச் சட்டம் என்று ஒன்று வந்து, ஏரி குளம் இருக்கிற நிலத்தையும் பெரிய திட்டங்களுக்குக் கொடுக்கலாமாம். எப்போது விவாதித்தார்கள்? எங்கள் சங்கத்தில் யாருக்கும் தெரியவில்லை."
– விவசாயி, திருவண்ணாமலை மாவட்டம்

உங்கள் சங்கத்தின்மேல் தப்பில்லை. அறிமுகமானதும் நிறைவேறியதும் ஒரே நாள். அதுவும் 2023 ஏப்ரல் 21-தான்! ஊரே 12 மணி நேர மசோதாவைப் பார்த்துக் கொதித்துக்கொண்டிருந்த அதே மதியம், தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) மசோதா விவாதம் இல்லாமல் தாண்டிப்போனது. நூறு ஹெக்டேருக்குக் குறையாத, உள்ளே நீர்நிலைகளோ ஓடைகளோ கொண்ட இடங்களில் 'சிறப்புத் திட்டம்' என்று அரசு அறிவித்தால் அதற்குத் தனி நடைமுறை. அந்த ஆகஸ்டில் ஆளுநர் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு வந்தது ஓராண்டுக்கு மேல் கழித்து. விவசாயச் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன, ஆனால் எதிர்ப்பு கிளம்பும்போது மசோதா பேரவையை விட்டு வெளியே வந்திருந்தது.

கூட்டத்தொடரின் கடைசி நாள் என்பது நம் பேரவையில் கல்யாண வீட்டில் பந்தி முடிகிற நேரம் மாதிரி. மிச்சம் இருப்பதையெல்லாம் வேகவேகமாகப் பரிமாறிவிடுவார்கள். "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்று அடுத்தடுத்து கேட்கும், எந்த மசோதாவுக்கு எந்த 'ஆம்' என்று எங்களுக்கே காகிதத்தைப் பார்த்தால்தான் தெரியும். இது திமுக, அதிமுக பாகுபாடு இல்லாத பழக்கம். தமிழ்நாட்டோடு நிற்கிற பழக்கமும் இல்லை: பிஆர்எஸ் என்ற தில்லி ஆய்வு நிறுவனம் மாநிலச் சட்டமன்றங்களை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது, 2022-இல் மாநிலங்களின் மசோதாக்களில் 56 சதவீதமும் 2023-இல் 44 சதவீதமும் அறிமுகமான அன்றோ மறுநாளோ நிறைவேறியிருக்கின்றன. கேரளத்தில் மசோதாவைத் துறைவாரியான குழுவுக்கு அனுப்பிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. இங்கே 'தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள்' என்று எதிர்க்கட்சி கேட்கும், ஆளுங்கட்சி மறுக்கும், ஆட்சி மாறினால் வசனம் மட்டும் இடம் மாறும்.

அதனால் உங்கள் சங்கத்துக்கு ஒரே யோசனை. கூட்டத்தொடரின் கடைசி மூன்று நாளாவது, படித்த பிள்ளை ஒருவரைப் பேரவைத் தளத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். நிலம், நீர், பாசனம் என்ற சொல் வரும் மசோதா வந்தால் அன்றைக்கே பதிவிறக்கி ஐந்து பேருக்கு அனுப்பட்டும்.

"நீட் மசோதாவை எத்தனை முறைதான் நிறைவேற்றுவார்கள்? ஆளுநர், குடியரசுத் தலைவர் என்று போய் அது என்னதான் ஆகிறது?"
– பள்ளி ஆசிரியை, பெரம்பலூர்

இதற்கு 2017-இலிருந்து ஆரம்பிக்க வேண்டும் டீச்சர். அந்த ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டு மசோதா நிறைவேறியது. 31-ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வந்துவிட்டது. எட்டே நாள். மெரினாவில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்ததன் வேகம் அது. மறுநாளே, பிப்ரவரி 1 அன்று, நீட்டிலிருந்து விலக்கு கேட்கும் இரண்டு மசோதாக்களைப் பேரவை நிறைவேற்றியது. அவையும் தில்லிக்குப் போயின. பிள்ளைகள் ஒரு வருடம் காத்திருந்தார்கள், அடுத்த வருடமும் காத்திருந்தார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒன்றிய அரசு சொல்லித்தான் ஊருக்குத் தெரிந்தது: குடியரசுத் தலைவர் 2017 செப்டம்பரிலேயே ஒப்புதல் மறுத்துவிட்டார், மசோதாக்கள் அப்போதே திரும்பி வந்துவிட்டன. ஏறக்குறைய 22 மாதம், செத்துப்போன மசோதா உயிரோடு இருப்பதாக எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். மசோதாவைக் கண்காணிப்பது வெட்டி வேலை என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த 22 மாதம்தான் ஞாபகத்துக்கு வரும்.

அடுத்த சுற்று 2021 செப்டம்பர் 13. ஆளுநர் ரவி 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்பினார், 8-ஆம் தேதி சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றினார்கள், தில்லிக்குப் போனது, 2025 ஏப்ரல் 4 அன்று ஒப்புதல் மறுக்கப்பட்டதை முதலமைச்சர் ஸ்டாலின் பேரவையில் சொன்னார்.

ஆளுநர் என்னென்ன செய்யலாம் என்பது அரசமைப்பின் 200-ஆம் பிரிவில் இருக்கிறது. ஒப்புதல் தரலாம், குடியரசுத் தலைவருக்கு அனுப்பலாம், நிறுத்திவைத்துப் பேரவைக்குத் திருப்பலாம். எத்தனை நாளுக்குள் என்று மட்டும் அங்கே எழுதவில்லை, மொத்தச் சண்டையும் அந்தக் காலி இடத்துக்காகத்தான். 2020-இலிருந்து தேங்கியவை உட்படப் பத்து மசோதாக்களை 2023 நவம்பரில் ஆளுநர் திருப்பினார். 18-ஆம் தேதி பேரவை மறுபடி நிறைவேற்ற, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அது தவறு என்று சொல்லி, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கருதியது. சில நாளிலேயே அரசிதழில் சட்டங்களாக வந்துவிட்டன. நோட்டில் ஒப்புதல் நாள் என்ற கட்டத்தில் முதல் முறையாக நீதிமன்றத் தீர்ப்பை எழுதினேன். மே 21 அன்று உயர் நீதிமன்றம் அந்தச் சட்டங்களில் துணைவேந்தர் நியமனம் பற்றிய பிரிவுகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது, பக்கத்தில் அதையும் எழுதினேன். பிறகு குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்ன கருத்து: நீதிமன்றம் கெடு விதிக்க முடியாது, 'ஒப்புதல் கிடைத்ததாகக் கருதுவது' என்ற ஏற்பாடும் செல்லாது, ஆனால் ஆளுநர் காரணமில்லாமல் காலவரையின்றி உட்கார்ந்திருக்கவும் முடியாது. எனக்கென்னவோ பிரச்சினை சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டதாகத்தான் தோன்றுகிறது.

"பேரவை கலைந்தால் மசோதாவும் காலியா?"
– டீக்கடைக்காரர், காரைக்குடி

பேரவைக்குள் நிலுவையில் இருந்தால் காலி. நிறைவேறி ஒப்புதலுக்குக் காத்திருந்தால் காலி இல்லை. கேரளத்தில் 1959-இல் நிறைவேறிய நிலச் சீர்திருத்த மசோதா ஒப்புதலுக்குக் காத்திருக்கும்போதே அரசு கலைக்கப்பட்டது. தேர்தல் நடந்து வந்த புதுப் பேரவை, திரும்பி வந்த அதே மசோதாவை எடுத்து நிறைவேற்றியது. பேரவை கலைந்ததால் அந்த மசோதா காலாவதி ஆகவில்லை என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. கடையில் பந்தயம் கட்டியிருந்தால் யார் ஜெயித்தது என்று எழுதுங்கள்.

"இவ்வளவும் தெரிந்து என்ன ஆகப்போகிறது? இந்த நோட்டை வைத்துக்கொண்டு நீங்கள் எந்த மசோதாவையாவது நிறுத்தியிருக்கிறீர்களா?"
– பெயர் வேண்டாம், நாகர்கோவில்

இல்லை. ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. ஆனால் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். 2023-இல் தொழிற்சங்கங்கள். 2025 அக்டோபரில் தனியார் பல்கலைக்கழகங்கள் திருத்த மசோதா நிறைவேறியபோது, அரசு உதவி பெறும் கல்லூரிகளைத் தனியார் பல்கலைக்கழகமாக்க இது கதவு திறக்கிறது என்று கல்லூரி ஆசிரியர்கள் கூறுகூறாக எடுத்துக் காட்டிச் சத்தம் போட்டார்கள், பத்து நாளுக்குள் அரசு பின்வாங்கியது. இரண்டிலும் கத்தியவர்கள் மசோதாவைப் படித்துவிட்டுக் கத்தினார்கள், ஒப்புதலுக்கு முன்னால் கத்தினார்கள்.

உங்களால் என்ன முடியும் என்றால், அறிமுகமான அன்றே உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு எண்ணையும் கூறையும் குறிப்பிட்டு, 'இந்த இடத்தில் இந்தத் திருத்தம் கொடுங்கள்' என்று நாலு வரி அனுப்பலாம். பொதுவாக 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்றால் கட்சிக் கொறடா இருக்கிறார் என்பார்கள், குறிப்பிட்ட திருத்தம் என்றால் பேசுவதற்காவது அவர்களுக்கு ஒரு விஷயம் கிடைக்கும். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ. ஒருவருக்கும் அதே கடிதம் போகட்டும். பதில் வராவிட்டால் நகலை எனக்கு அனுப்புங்கள், இந்தப் பகுதியில் தேதியோடு போடுகிறேன்.